மடிப்பாக்கம் தண்ணீரும் மனித மீனும்

உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகும் ஸ்லோவேனியாவின் போஸ்தொய்னா சுண்ணாம்புக் குகையை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "இதுதானா? நம்ம பாத்ரூம் குழாய்ல தொங்குதே, அதேதான்."

இதைக் கேட்கவா மூனிக்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம்! ஆஸ்திரியாவில் ஓட்ட ஒரு கட்டணம், ஸ்லோவேனியாவில் ஓட்ட இன்னொன்று, நடுவில் மலையைக் குடைந்து போகும் சாலைக்குத் தனிக் காசு. அப்பா ஒவ்வொன்றையும் ரூபாய்க்கு மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். குகை வாசலில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் கணக்கு போடுவதையே நிறுத்திவிட்டார். அப்பா கணக்கை நிறுத்தினால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

வெளியே நல்ல வெயில். உள்ளே வருஷம் பூராவும் சுமார் 10 டிகிரிதான். அம்மா புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதன்மேல் இவருடைய மழைக்கோட்டு, தலையைச் சுற்றி மஃப்ளர் என்று எவரெஸ்ட் ஏறத் தயாராக நின்றாள். குட்டி ரயிலில் ஏற்றினார்கள். 1872-லேயே தண்டவாளம் போட்டுவிட்டார்களாம், அப்போது வண்டியை வழிகாட்டிகளே கையால் தள்ளிக்கொண்டு போவார்களாம். "தள்ளினவங்களுக்காவது டிக்கெட் கேக்காம விட்டிருப்பாங்க" என்றார் அப்பா. பாறை தாழ்வாக வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர் குனிந்தார். அவர் உயரத்துக்கு அது தேவையே இல்லை. இதைச் சொல்லிக் காண்பித்தது இவர். அதற்கப்புறம் கொஞ்ச தூரம் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை.

வாசல் பக்கத்துச் சுவரெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. "இங்க யாருடி அடுப்பு மூட்டினது?" என்று அம்மா கேட்க, நான் வழிகாட்டிப் பெண்ணிடம் வேறு மாதிரி கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை இங்கே எரிபொருளைப் பதுக்கி வைத்திருந்ததாம். 1944-ல் எதிர்ப்புப் படையினர் உள்ளே புகுந்து அதைக் கொளுத்திவிட்டார்களாம். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கப்புறம் ஒருத்தர்கூடத் துடைக்கலையா?" என்றாள்.

ரயிலைவிட்டு இறங்கி நடந்தபோதுதான் அந்தக் குழாய் விவகாரம். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பேறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு பறந்துவிட, சுண்ணாம்பு மட்டும் கூரையில் தங்கி விழுது மாதிரி தொங்குகிறது. நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள். சென்னை மடிப்பாக்கம் போர்வெல் தண்ணீரோடு வாழ்நாள் பூராவும் மல்லுக்கட்டியவளிடம் எதிர்வாதம் செல்லாது. 1 மில்லிமீட்டர் வளர 10 வருஷம் ஆகும் என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னபோது அம்மா என் காதில் சொன்னாள்: "நம்ம கீசர்ல ஆறே மாசம்."

தொடக்கூடாது, கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவள் அம்மா. இரண்டு கையையும் மழைக்கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தாள், பாவம். 5 மீட்டர் உயரத்தில் பளபளவென்று வெள்ளையாக நிற்கும் 'பிரில்லியன்ட்' என்ற தூண் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். "இதுக்கு ஆசிட் ஊத்த மனசு வராது" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

அருங்காட்சியகம் அப்பாவின் ராஜ்ஜியம். ஒரு பலகை விடாமல் படித்தார். 1818-ல் குகையின் உட்பகுதிக்குள் முதலில் போனவர் லூகா செச் என்ற விளக்கேற்றும் தொழிலாளி. 1831-ல் கண்ணில்லாத ஒரு வண்டைக் கண்டெடுத்தவரும் அவரேதான். ஆனால் வண்டுக்கு வைத்த பெயரோ, அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட பிரபுவுடையது. அப்பாவுக்கு முகமே சிவந்துவிட்டது. "ஃபைல் எழுதுறவன் ஒருத்தன், கையெழுத்து போடுறவன் ஒருத்தன்" என்று தன் ஆபீஸ் கதையை ஆரம்பித்துவிட்டார். 1983-ல் வராமல் போன அந்தப் பதவி உயர்வு கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூடவே வந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் தலைவலி குகைத் தொட்டியில் இருந்த அந்த 'மனித மீன்'. மீனே இல்லை அது. சல்லமாண்டர் என்று பல்லி மாதிரி இருக்கும் நீர்நில உயிரி வகை, ஓர் அடி நீளம், வெளிறின உடம்பு, பார்வை கிடையாது. 100 வருஷம் வரைகூட வாழுமாம், வருஷக்கணக்கில் சாப்பிடாமலே இருக்குமாம். இந்தக் கடைசிச் செய்தியைச் சின்னவன் காதில் விழும்படி மொழிபெயர்த்த புண்ணியவான் இவர்தான்.

வீடு வந்ததிலிருந்து இட்லித் தட்டை வைத்தால், "நான் மனித மீன், பத்து வருஷத்துக்கு வேண்டாம்" என்கிறான். கூப்பிட்டால், கண் தெரியாதாம், சுவரைத் தடவிக்கொண்டு வருகிறான். இவர் சிரிக்கிறார். நேற்று ராத்திரியும் தட்டு அப்படியே இருந்தது, ஆனால் தலையணைக்கு அடியில் சாக்லேட் காகிதம். மனித மீனுக்கு இதெல்லாம் யார் சப்ளை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அங்க யாரும் குடுத்துப் பாத்திருக்க மாட்டாங்கடி" என்கிறாள்.