பாப்பா காதுகுத்து வீடியோ: ஒரே ஒட்டுக்கு ஒன்பது ராத்திரி

ஒருவழியாக ஒட்டிவிட்டேன். அக்கா மகள் காதுகுத்துக்கு எடுத்த வீடியோவில் மொத்தம் 63 துண்டு. அதில் என்னைப் படுத்தி எடுத்தது ஒரே இடம்தான். பாப்பா என் மடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வளையலை ஆட்டுகிற துண்டும், ஆசாரி காது குத்துகிற துண்டும் சேர்கிற இடம். இதற்கு மட்டும் ஒன்பது ராத்திரி.

காதுகுத்து அழகர்கோவிலில். தாய்மாமன் நான்தான், அதனால் மடியும் என்னுடையதுதான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படம் பிடிக்க முடியுமா? அண்ணன் மகனிடம் போனைக் கொடுத்து, "குத்துறப்ப எடுடா" என்றேன். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டான். ஆசாரி ஊசியைக் காது மடலில் வைத்தபோது பட்டனை அமுக்கி, கம்பியை முறுக்கி முடித்ததும் நிறுத்திவிட்டான். முன்னால் ஒரு ஃப்ரேம் (வீடியோவின் ஒற்றைப் படம்) கூட உபரி இல்லை. கேட்டால், "சித்தப்பா, நீங்கதான குத்துறப்ப எடுக்கச் சொன்னீங்க" என்கிறான். நியாயம்தான்.

வெட்டி ஒட்டிப் பழகியவர்களுக்கு இதன் வலி புரியும். ஹேண்டில் (வெட்டுக்கு அப்பால் கிடக்கும் உபரி) இல்லாத துண்டில் டிஸால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரிவது) போடுவது, தையலுக்குத் துணி விடாமல் வெட்டிய ரவிக்கையைத் தைக்கிற மாதிரி. நொடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்தால், வெட்டின் நடுவில் உட்காரும் ஒரு நொடி டிஸால்வுக்கு முதல் துண்டின் வாலில் 15, இரண்டாவது துண்டின் தலையில் 15 உபரி வேண்டும். எனக்குத் தலையில் பூஜ்யம். டிஸால்வை வெட்டிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி நகர்த்தினால் தலையில் உபரி தேவையில்லை, உண்மைதான். ஆனால் ஊசி இறங்குகிற அந்த ஒரு நொடி முழுக்கப் புகை மூட்டத்துக்குள் போய்விடுகிறது. எதைக் காட்டத்தான் இவ்வளவு பாடோ, அதுவே தெரியவில்லை.

முதல் ஃப்ரேமை உறைய வைத்து 15 ஃப்ரேம் நீட்டிப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் 'ஸ்டாச்சு' விளையாட்டில் நிற்கிற மாதிரி அரை நொடி நின்று, பிறகு உயிர் வந்து அசைந்தார்கள். சத்தத்தைப் பிரித்துவிட்டு ஆரம்பத்தை மட்டும் பாதி வேகத்தில் ஓட்டினேன். ஒரே படம் இரண்டு தரம் வருவதால் கை தத்தித் தத்திப் போகிறது. நான் வெட்டி ஒட்டுகிற டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் ஆப்டிகல் ஃப்ளோ தட்டினால் இடைப்பட்ட ஃப்ரேமை அதுவே வரைந்து நிரப்பும். நிரப்பியது. ஆசாரியின் கைக்கு ஆறு விரல், ஊசி மெழுகு மாதிரி வளைந்து பாப்பாவின் கன்னத்தோடு கலந்துவிட்டது. விரல், பூ, ஜரிகை என்று ஒன்றன்மேல் ஒன்று நகரும் இடத்தில் ஆப்டிகல் ஃப்ளோவை நம்பாதீர்கள். ஸ்மூத் கட் என்கிற எஃபெக்டையும் விடவில்லை. அது ஒரே ஆள் ஒரே இடத்தில் பேசும்போது நடுவில் வெட்டிய தாவலை மறைக்க, நாலைந்து ஃப்ரேம் அளவுக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோணம்தானே என்று இங்கே போட்டதில் பாப்பாவுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் இரண்டு வாய். ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது.

ஏழாவது ராத்திரி வெறுத்துப்போய் மச்சான் போனில் இருந்ததையெல்லாம் சும்மா ஓட்டிப் பார்த்தேன். அதில் கிடைத்தது அம்மாச்சி. பார்க்க மாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள். நாலு நொடிதான். (உண்மையில் அது இரண்டாவது காது குத்தும்போது எடுத்தது. யார் வந்து கேட்கப் போகிறார்கள்.)

ஊசி இறங்குவதைக் காட்டியே தீர வேண்டும் என்பது நானாகப் பிடித்த பிடிவாதம் என்று அப்போதுதான் உறைத்தது. குத்துகிற துண்டின் படத்தில் முதல் 26 ஃப்ரேமைத் தூக்கிவிட்டு, சத்தத்தை மட்டும் அப்படியே விட்டேன். ஜே கட்தான் (அடுத்த துண்டின் சத்தம் அதன் படத்துக்கு முன்பே வருவது), புதிதாக ஒன்றுமில்லை. ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு படத்தின் விளிம்பை மட்டும் இழுத்தால் சத்தம் அசையாது. இப்போது பாப்பா சிரிக்கிறாள், வெட்டு, அம்மாச்சி முகம் திரும்புகிறது, அந்த முகத்தின் மேலேயே "மாமா..." என்று வீறிடும் சத்தம், வெட்டு, வாயைத் திறந்தபடி பாப்பா, கன்னத்தில் கண்ணீர். நடுவில் ஒரு எஃபெக்ட் கிடையாது.

முடிந்தது என்று நினைத்தேன். மேளம் விடவில்லை. எங்கள் பக்கம் காதுகுத்துக்கு நையாண்டி மேளம் இல்லாமல் முடியாது. தவிலும் பம்பையும் அந்த மண்டபத்துக்குள் அடித்தால் போனின் மைக் கதறுகிறது. சிரிப்புத் துண்டில் ஒரு அடி, அழுகைத் துண்டில் வேறு அடி. இரண்டையும் கிராஸ்ஃபேட் செய்தால் (ஒரு சத்தம் தேயத் தேய மற்றது ஏறுவது) தகர டப்பா மாடிப்படியில் உருளுகிற சத்தம். ஆடியோவின் அலைப் படத்தைப் பெரிதாக்கி, தவில் அடி ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நிற்பதைப் பார்த்து, இந்தத் துண்டின் குச்சி அந்தத் துண்டின் குச்சி மேல் உட்காருகிற வரை சிரிப்புத் துண்டின் வாலைச் சுருக்கினேன். 9 ஃப்ரேம் போனது. அதற்குமேல் ஒரு 4 ஃப்ரேம் கிராஸ்ஃபேட், +3 டிபி (டெசிபல்) வகை. 0 டிபி போட்டால் இரண்டு வெவ்வேறு சத்தம் சேரும் இடத்தில் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது, மேளக்காரர் மூச்சு வாங்கியது போல. இந்தக் குச்சிப் பொருத்தத்துக்கே இரண்டு ராத்திரி.

இன்னொன்று. மச்சான் போன் ஒரே சீராக 30 ஃப்ரேம் எடுக்கவில்லை, ஏறி இறங்கி எடுத்திருக்கிறது. நீளமான துண்டுகளில் போகப் போகச் சத்தம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (நொடிக்கு ஒரே சீரான ஃப்ரேம்) போட்டு மாற்றிவிட்டுத்தான் உள்ளே எடுத்தேன். என் லேப்டாப் 8 ஜிபி. அது ஓடுகிற நேரத்தில் தெருமுனைக்குப் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வரலாம். குடித்தேன்.

பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியிலிருந்து மண்டபத்துக்குப் போகும் இடம் மட்டும் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. சந்தனம் அப்பிய கதவிலிருந்து போனைச் சட்டென்று வலது பக்கம் வீசி, மண்டபத்திலும் அதே மாதிரி வலது பக்கம் வீசி ஆரம்பித்து, இரண்டு வீச்சின் கலங்கலான இடத்தில் ஒட்டுவது என் திட்டம். திசை சரி, வேகமும் ஏறக்குறைய சரி. கலங்கல்தான் இல்லை. உச்சி வெயிலில் போன் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. எவ்வளவு வேகமாக வீசினாலும் ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி மாதிரி கூர்மை, ஒட்டு பளிச்சென்று தெரிகிறது. இப்போதைக்கு ஒட்டின் இரு பக்கமும் மும்மூன்று ஃப்ரேமுக்குக் கிடைவாக்கில் கலங்க வைக்கும் டைரக்‌ஷனல் ப்ளர் பூசி வைத்திருக்கிறேன். அடுத்த முறை என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் வெயிலில் இறங்குவதாக இல்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் போனுக்கு மாட்டுகிறது என்று ஒன்று வாங்கினேன். மாட்டிய பிறகு பார்த்தால் படம் முழுக்கப் பச்சை. திருப்பிக் கொடுக்கப் போனால், "ஓப்பன் பண்ணிட்டா எடுக்க மாட்டோம் சார்." ஓப்பன் பண்ணாமல் எப்படி மாட்டிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு டிவியில் முதல் ஆறு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அம்மாச்சி டிவியிலும் முகத்தைத் திருப்பினாள், சோபாவிலும் திருப்பினாள். மச்சான், "சவுண்டு நல்லா இருக்குய்யா" என்றார். அக்கா முடிகிற வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏன்டா, ரோசாப்பூ எல்லாம் விழுகுமே, அது போடலையா? அவுக வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தவன் பக்கம் பக்கமாத் திருப்புற மாதிரி எல்லாம் போட்டிருந்தானே."

போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மொய் எழுதுகிற இடத்தில் ஒன்று, கடைசியில் குடும்பப் படத்துக்கு ஒன்று, அதற்கு மேல் பூ கிடையாது. பந்தியில் மட்டும் இன்னும் 14 துண்டு பாக்கி. அங்கே பத்திரமாக எடுத்து வைத்திருப்பது ஒரு குரங்கு, தாம்பாளத்திலிருந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற 3 நொடி. எந்த இரண்டு இலைக்கு நடுவில் அதைச் செருகினாலும் தாவல் தெரியாது. இரண்டு தடவை செருகினால் தெரியுமோ என்பதுதான் இப்போதைய யோசனை.