தொப்பூர் ஏத்தமும் ஒரு மூணு இஞ்ச் குழாயும்

மே 7, 2024, செவ்வாய்

கத்திரி பிறந்து நாலாவது நாள். அம்மா டயாலிசிஸுக்குச் சேலம் போய்த் திரும்பியாச்சு. இன்னிக்கு உடம்புல இருந்து 2.4 கிலோ தண்ணி இறக்கினாங்க. வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல கிரானைட் லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. பின் சீட்டுல படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஏண்டா, இதுக்கும் மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டுச்சு.

ராத்திரி முழுக்க அதே யோசனை. ஹைப்ரிட் வண்டி, பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் உண்டு. 1798 சிசி இன்ஜின். காத்து பத்தலை, அதான்.

மே 9, வியாழன்

என் கிட்னி அம்மாவுக்குச் சேருமான்னு பாக்கற ரிப்போர்ட் வரலை.

மே 10, வெள்ளி

கடை மூடின பிறகு பானெட்டைத் திறந்து வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். ஃபில்டர் டப்பாவுக்குப் போற வழியில குழாய் ரெண்டு இடத்துல வளையுது. பக்கவாட்டுல எதுக்குமே உதவாத மாதிரி வாய் மூடின ஒரு காலி டப்பா வேற. இதையெல்லாம் எடுத்துட்டு நேரா ஒரு மூணு இஞ்ச் குழாய், நுனியில கூம்பு ஃபில்டர். போர்வெல்லுக்கு வாங்கின பிவிசி மிச்சம் இருக்கு. ஆனா சைலன்சர் சூட்டுக்கு அது இளகிடும். அலுமினியம்தான் சரி.

அக்கா போன்ல அழுதுச்சு. நான் குழாயைப் பத்தியே பேசிக்கிட்டிருந்திருக்கேன் போல. வெச்சிடுச்சு.

மே 12, ஞாயிறு

மாட்டியாச்சு. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு ஆயிடுச்சு. கூம்பு ஃபில்டர் சிவப்புத் துணி, எண்ணெய் போட்டது. கையெல்லாம் பிசுபிசுப்பு. பழைய டப்பா, குழாய், கிளிப்பு எல்லாத்தையும் அரிசிச் சாக்குல கட்டி பரண்ல வெச்சேன். எதுக்கும் இருக்கட்டும்.

அதியமான்கோட்டை வரைக்கும் ஒரு ஓட்டம். சத்தம்! இருபது வயசுல புல்லட் ஓட்டின நெனப்பு வந்துடுச்சு. வேகம் கூடிடுச்சுன்னு சத்தியம் பண்ணுவேன்.

மே 14, செவ்வாய்

வேகம் கூடலை. பாளையம் டோல்கேட்ல இருந்து தீவட்டிப்பட்டி வரைக்கும் கடிகாரத்தை வெச்சுப் பாத்தேன். போன மாசத்துக்கும் இதுக்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

போறப்ப இறக்கத்துல நடந்ததைத்தான் எழுதணும். கியரை 'பி'யில (B) போட்டா பிரேக்குக்குப் பதிலா இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பேட்டரி நிறைஞ்சுட்டா இறக்கத்துல வர்ற கரண்டுக்குப் போக்கிடம் கிடையாது. அதை வெச்சு மோட்டார் இன்ஜினை வெறுமனே சுத்திவிடும், ஒரு சொட்டு பெட்ரோல் எரியாது. எப்பவும் முனகலோட போயிடும். இன்னிக்கு இரட்டைப் பாலம் தாண்டுற வரைக்கும் மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு. அம்மா காதைப் பொத்திக்கிச்சு. ஊசி போடுற கையைத் தூக்கிப் பொத்திக்கிச்சு. அந்தக் கையை ரொம்ப நேரம் மடக்கி வெக்கக் கூடாது.

மே 15, புதன்

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. காபி, மோர், மாத்திரைத் தண்ணி எல்லாம் அதுக்குள்ள. எவர்சில்வர் டம்ளர்ல நகப்பூச்சால கோடு போட்டு வெச்சிருக்கேன். இன்னிக்கு கோட்டுக்கு மேல ஒரு விரல்கடை இருந்துச்சு. கேட்டா, "வெயில்டா கண்ணு." நான் கத்திட்டேன்.

மே 16, வியாழன்

ஓமலூர்ல மஞ்ச விளக்கு எரிஞ்சது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, வண்டிக் கோளாறைப் போன்ல காட்டற ஓபிடி (OBD) கருவியைச் சொருகினேன். P0171. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி.

காத்து ஜாஸ்தியாம். நான் கேட்டதுதானே!

மே 18, சனி

மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்தாரு. அஞ்சு நிமிஷம் பேசலை. அப்புறம், "அண்ணே, இதுக்குக் காத்து பத்தலைன்னு யாரு சொன்னது?"ன்னாரு.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதி வெக்கறேன். இது அட்கின்சன் முறையில ஓடற இன்ஜின். பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். இழுத்த காத்துல ஒரு பங்கைத் தானே வந்த வழியில திருப்பித் துப்பிடும். மிச்சத்தை வெச்சு 13-க்கு 1-ன்னு விரிச்சு, அதுல மைலேஜ் எடுக்குது. வேகத்துக்கு மோட்டார் இருக்கு. துப்பற இன்ஜினுக்கு வாயைப் பெருசாக்கி என்ன பண்ண? நான் கழட்டிப் போட்ட காலி டப்பாதான் அந்த அதிர்வோட சத்தத்தை விழுங்கிக்கிட்டிருந்திருக்கு.

அதுக்கு அடுத்து அந்தக் கம்பி. ஃபில்டர் டப்பாவை ஒட்டி ஒரு சென்சார். உள்ள தலைமுடி மாதிரி ஒரு கம்பி சூடாவே இருக்கும். போற காத்து அதை எவ்வளவு குளிர வைக்குதுன்னு பாத்துத்தான் பெட்ரோல் அளவு. ஃபில்டர் எண்ணெய் அதுல பட்டு மெல்லிசா ஒரு படலம். காத்து கம்மியாப் போகுதுன்னு கம்பி பொய் சொல்லுது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்குது. சைலன்சர் பக்கம் இருக்கற சென்சார், 'இல்லை, காத்து ஜாஸ்தி'ங்குது. சண்டை முத்தி மஞ்ச விளக்கு.

போதாததுக்கு பாய் என் போன்லயே காட்டினாரு, உள்ள போற காத்து 61 டிகிரி. கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னாடி உக்காந்து வெந்த காத்தைத்தான் குடிச்சிருக்கு. 30 டிகிரி காத்து 60 ஆனா நூத்துக்கு ஒம்பது பங்கு லேசாயிடும். எட்டாயிரம் செலவு பண்ணி காத்தைக் குறைச்சிருக்கேன்.

ஸ்ப்ரே அடிச்சுக் கம்பியைக் கழுவிக் குடுத்தாரு. கை படக்கூடாதாம். காசு வாங்கலை. அதுதான் அவமானம்.

மே 19, ஞாயிறு

பரண்ல இருந்து சாக்கை இறக்கினேன். ஒரு கிளிப்பு காணோம்.

மே 20, திங்கள்

டீக்கடையில எல்லாரும் எலெக்‌ஷன் ரிசல்ட் ரிசல்ட்டுங்கறாங்க. ஜூன் 4-தான் எண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சும் தினமும் அதே பேச்சு. ஒருத்தர் என்கிட்ட, "உங்களுக்கு என்னண்ணே தோணுது?"ன்னாரு. ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பாப்பாங்க, சண்டை போடலைன்னா சரின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

ஒத்துப்போகணும்னு வேண்டிக்கறேனா, போகக்கூடாதுன்னா? ரெண்டையும்தான். இதை யாருகிட்டயும் சொன்னதில்லை.

மே 21, செவ்வாய்

பழசெல்லாம் மாட்டியாச்சு. இன்ஜின் அமைதி. ஆனா ஏத்தத்துல இன்னொரு சத்தம், பின்னாடி இருந்து, முடி காய வெக்கற மெஷின் மாதிரி. முன்னாடியும் இருந்திருக்கணும், என் மாவு மில்லுல கேக்கலை. போன்ல பாத்தா வண்டி பேட்டரி சூடு 49.

மே 25, சனி

49 இல்லை, 51.

மே 26, ஞாயிறு

பின் சீட்டுக்கு வலது பக்கம், இடுப்பு உயரத்துல ஒரு ஜன்னல் வலை. பேட்டரிக்குக் காத்து அந்த வழியாத்தான் போகுது. வண்டிக்குள்ள இருக்கற ஏசி காத்தையே இழுத்துக் குளிர வெச்சுக்கும். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப அம்மாவுக்குக் குளிரும். கத்திரியிலயும் குளிரும். தலகாணியை வலது பக்கம் போட்டு, போர்வையைச் சுருட்டி அந்த வலைமேல சாத்தி, அதுல முதுகைக் குடுத்துப் படுத்துக்கும். ஒரு வருஷமா அப்படித்தான். கண்ணாடியில தினமும் பாக்கறேன்.

டிக்கியில ஆரஞ்சுக் கைப்பிடியை உருவிட்டுப் பத்து நிமிஷம் தள்ளி நின்னேன். உள்ள 200 வோல்ட்டு. அப்புறம் ஃபேனைக் கழட்டினேன். இறக்கை ஒவ்வொண்ணுலயும் நீலப் பஞ்சு, போர்வை நிறம், ஒட்டடை மாதிரி அடுக்கடுக்கா. ரெண்டு வெள்ளை முடி. சாம்பலாயிட்ட ஒரு மல்லிப்பூ, காம்போட. சேத்துப் பிடிச்சா ஒரு எலுமிச்சம்பழம் அளவு வந்துச்சு.

அம்மா திண்ணையில இருந்து, "என்னடா எடுத்தே?"ன்னுச்சு.

ஒண்ணுமில்லைன்னேன்.

மே 28, செவ்வாய்

பேட்டரி 38 டிகிரி. ஏத்தத்துலயும் 38. கத்திரி இன்னியோட முடிஞ்சுது.

மே 30, வியாழன்

தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயில்ல பூசணிக்காய் விளக்கு போடணும்னு அம்மா ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்துச்சு. சேலத்துல இருந்து திரும்பறப்ப அதியமான்கோட்டையில நிறுத்தினேன். கூட்டம் ரோடு வரைக்கும். அம்மாவால நிக்க முடியலை. வண்டியிலயே இருந்துச்சு, நான் மட்டும் போனேன். விளக்கு ஏத்தினேன். என்ன வேண்டிக்கறதுன்னு தெரியாம நின்னதுல பின்னாடி இருந்தவங்க தள்ளிவிட்டுட்டாங்க.

திரும்பி வந்தா இன்ஜின் ஓடலை, ஏசி மட்டும் ஓடுது. சத்தமே இல்லாம அம்மா தூங்கிட்டிருக்கு. போர்வை மறுபடி வலை மேல. இழுத்தா முழிச்சிடும்னு விட்டுட்டேன்.

ஜூன் 1, சனி

2.1 கிலோ. கிளிப்பு கிடைச்சுது, சட்டைப் பையிலயே இருந்திருக்கு.

ஜூன் 3, திங்கள்

பதினொண்ணு பத்துக்குப் போன். ரிப்போர்ட் வந்துடுச்சாம். போன்ல சொல்ல மாட்டாங்களாம், நேர்ல வரணுமாம். அம்மாவும் வர்றேங்குது. போர்வையை மடிச்சு இடது பக்கம் வெச்சிருக்கேன்.