மேற்கோளுக்குப் போட்ட புள்ளி

நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலை படுவான்கரையில் இருக்கிறது, வீடு எழுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை, கிழக்கே கடலோரமாக நீளும் மணல் நிலம் எழுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் வாவியைப் ‘பாதை’யில் கடந்தோம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பேச்சில் பாதை என்பது தெரு மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையும்தான். பாலம் வந்த பிறகு பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்டால் 2.30க்கு வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருப்பேன். இந்த நேரக் கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2024இல் தரம் 11 பிள்ளைகளுக்கு ஒரு வாதக் கட்டுரை கொடுத்தேன். யானைகளால் தொல்லைப்படும் ஊர்களுக்கு எது தீர்வு என்பது தலைப்பு. கரும்பலகையில் ஒரு தகவலும் எழுதினேன்: 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கும் அதிகமான யானைகள் இறந்தன, யானைகளால் 150க்கும் அதிகமான மனிதர்கள் உயிரிழந்தார்கள்.

யானையின் பக்கம் நின்ற பிள்ளைகள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊரின் பக்கம் நின்றவர்கள் இரண்டாவதை மட்டும். ஒரே வரியில் எழுதிப் போட்டதை இப்படி நடுவில் முறித்து ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோவார்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதியவள் ஒருத்திதான். அவளுக்கு 15க்கு 6 போட்டேன்.

ஏன் போட்டேன்? ஊரை அண்டித் திரியும் யானைகளைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவளுடைய வாதம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட, கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருந்தது: “யானைகளோடு சேர்ந்து வாழப் பழக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்பவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு எங்கள் ஊரில் இருப்பதில்லை.” சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ‘ஆளைத் தாக்காதே, கருத்துக்குப் பதில் சொல்’ என்று ஓரத்தில் எழுதினேன். எழுதும்போது மணி இரண்டு. பஸ்ஸில் இருந்தேன்.

அதே தாள் கட்டுக்குள் ஒரு பையனுடைய கட்டுரைக்கு 13. தொடக்கத்தில் ஒரு குறள், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. இயற்கை அன்னை, பசுமைப் போர்வை, வாயில்லா ஜீவன் எல்லாம் முறையாக வந்து போயின. எழுத்து அழகு. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் ஓய்வறையில் சைவநெறி கற்பிக்கும் அக்கா அந்தக் கட்டைப் புரட்டினார். எங்கள் பாடசாலையில் மற்றவர் திருத்திய தாளைப் பார்ப்பது வழக்கமில்லை. அவரைத் தடுக்கும் துணிவும் யாருக்கும் இல்லை. பையனுடைய கட்டுரையை வாசித்துவிட்டு, “தம்பி, இதில் மேற்கோள் எங்கே?” என்று கேட்டார். மூன்று குறளையும் காட்டினேன். “இது திருவள்ளுவர் சொன்னது. இந்தப் பிள்ளையின் மேற்கோள் எங்கே?”

அவர் சொல்ல வந்தது எனக்கு உடனே பிடிபடவில்லை. சித்தாந்த நூல்களில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஒரு வரிசை உண்டு. நிலைநாட்டப் போகும் கூற்று மேற்கோள். அதற்குக் காரணம் ஏது. காரணம் பொருந்துவதைக் காட்டும் தெரிந்த சங்கதி எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் காண்பதுபோல என்று பழைய தருக்க நூல்கள் கற்பிக்கும். மேற்கோள் என்ற சொல் அங்கே என் சொந்தக் கூற்றைக் குறித்தது. எப்படியோ காலப்போக்கில் பிறர் வாக்கைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. சொல் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. பிறர் வாக்கு வந்து குந்தியதும் சொந்தக் கூற்று எழுந்து போய்விட்டது என்பதற்குப் பையனுடைய தாளே சாட்சி. மூன்று பக்கம் வாசித்த பிறகும் யானைகளை என்ன செய்யச் சொல்கிறான் என்று தெரியவில்லை. அதற்குத்தான் நான் 13 போட்டிருந்தேன்.

அக்கா போன பிறகு, 6 போட்ட பிள்ளையின் தாளை மறுபடி எடுத்தேன். மேற்கோள் முதல் பந்தியிலேயே இருந்தது. ஏதுவும் இருந்தது: காவலின் செலவு முழுவதும் வயல்காரன் தலையில் விழுகிறது. எடுத்துக்காட்டுக்கு அவள் எங்கும் போகவில்லை. கதிர் பால் பிடிக்கும் நாட்களில் தகப்பன் பரணில் விழித்திருப்பது, யானைவெடி முடிந்துபோன இரவில் தகரத்தைத் தட்டியது, விடிந்ததும் அவர் நித்திரையில்லாமல் கூலி வேலைக்குப் போனது. பெரிய யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும் என்று பாடப்புத்தகத்தில் படித்ததைக்கூடப் பயன்படுத்தியிருந்தாள். ஆனால் தின்பதைவிட மிதிப்பதே அதிகம் என்று திருத்தியிருந்தாள். எந்தப் புத்தகமும் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

பிறகு அந்த ஆறு மணி வரி. ஆளைத் தாக்கும் வாதம் பிழை என்று நான் கற்பிப்பது சரிதான். உன் சட்டை அழுக்கு, ஆகவே உன் கணக்கு பிழை என்றால் அது பிழை. ஆனால் அவள் யாருடைய குணத்தையும் பழிக்கவில்லை. அறிவுரையின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாள். எனக்குச் சுட்டது வேறு விஷயம்.

குறையும் இருந்தது. இலங்கையில் இடம் மாற்றப்பட்ட யானைகளுக்குக் கழுத்துப்பட்டி பூட்டிக் கண்காணித்திருக்கிறார்கள். பல யானைகள் கொண்டுபோய் விட்ட இடத்தில் தங்கவில்லை. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில புதிய ஊர்களுக்குள் புகுந்தன. அவளுடைய தீர்வை அடிக்கக்கூடிய மிகப் பலமான எதிர்க்காரணம் அதுதான். அதை அவள் தொடவில்லை. நான் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த பாடத்தில் கட்டுரையை விட்டுவிட்டுக் கண்ணகியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் பாடப்புத்தகத்தில் மட்டும் இருப்பவள் அல்ல. வைகாசிச் சடங்கில் அம்மன் கோயில்களில் அவள் கதையான வழக்குரை பாடப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாண்டியன் சபையில் அவள் எந்த இடத்தில் வென்றாள்? சிலம்பை உடைத்தபோது என்று எல்லோரும் சொன்னார்கள். பின்வாங்கில் ஒருவன் மட்டும், “இல்லை சேர், அரசன் தன் சிலம்பில் முத்து இருக்கிறது என்று வாயால் சொன்னபோதே வென்றுவிட்டாள்” என்றான்.

இத்தனை வருடம் சிலப்பதிகாரம் கற்பித்தும் எனக்கு அது தோன்றவில்லை. உள்ளே இருப்பது மாணிக்கம் என்று அவள் சொல்கிறாள், முத்து என்று அவன் சொல்கிறான், அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது. எதைக் கண்டால் யார் தோற்றவர் என்பது உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சங்கதி. முதலில் உடைத்துப் போட்டிருந்தால் அரசன் தரப்பு ஆயிரம் விளக்கம் சொல்லியிருக்கும்.

அன்றிலிருந்து தாள் கட்டை அவிழ்ப்பதற்கு முன் ஒரு கடதாசியில் எழுதிவைக்கிறேன்: கூற்றுக்கு இவ்வளவு, காரணம் கூற்றோடு ஒட்டுவதற்கு இவ்வளவு, எதிர்த்தரப்பின் மிகப் பலமான காரணத்தைச் சந்தித்ததற்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு. பெயர் தெரியாமல் முதல் பக்கத்தை மடித்துத் திருத்துகிறேன். கையெழுத்தை மடிக்க வழியில்லை. பாதிப் பேரை அதிலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். அலங்காரத்துக்கு இன்னும் மயங்குகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல எதுகை ஒன்று கண்ணில் பட்டால் பேனா தானாக ஒரு புள்ளி ஏறுகிறது.

பையனுக்கு 13ஐக் குறைக்கவில்லை. கொடுத்ததைப் பறிப்பது நியாயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவனுடைய தாய்க்குப் பதில் சொல்லப் பயம். பிள்ளையின் 6ஐ வெட்டி 11 ஆக்கி, திரும்பி வரும் யானைகளைப் பற்றியும், விதைப்புக்கு முன் வயலைச் சுற்றிப் போட்டு அறுவடைக்குப் பின் கழற்றும் மின்வேலியைப் பற்றியும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

தாளை வாங்கியவள் நின்ற இடத்திலேயே வாசித்தாள்.

“சேர், இப்போது நீங்கள் என் பக்கமா?”

“இல்லை மகள். யானைகளைப் பிடித்துக்கொண்டு போவது சரிவரும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.”

“அப்படியென்றால் ஏன் ஐந்து புள்ளி கூட்டினீர்கள்?”

காரணங்களைச் சொன்னேன். தலையை ஆட்டினாள்; நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு தாளை மடித்துக்கொண்டே, அந்த வேலியை யார் ஒவ்வொரு போகமும் போட்டுக் கழற்றுவது, கம்பிக்கும் மின்கலத்துக்கும் யார் காசு கொடுப்பது என்று கேட்டாள். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று பையை எடுத்தேன்.