படிக்கட்டு விழுந்த எழுத்து

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. கோயில்காரர்கள் வந்தார்கள். 'குடமுழுக்கு விழா', பத்துக்கு எட்டு அடி பிளக்ஸ் பேனர், தங்க எழுத்து. 12 வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே எழுத்துதான் வேண்டுமாம். அது வேறு யாரோ செய்தது, பைல் எங்கே போச்சோ. பழைய பேனரைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அகலம் 1280 பிக்சல். எனக்கு வேண்டியது 120 அங்குலம். அங்குலத்துக்கு 72 பிக்சல் வைத்தாலே 8640. ஒரு புள்ளியை ஏழாக இழுத்தால் ழு என்ன ஆகும்? ஹரித்ராநதிக் குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

மனைவிக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

ஜூன் 13

அத்தை போனை எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தார். ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

காலையிலிருந்து ஒரே வேலை. எழுத்தை மட்டும் செலக்ட் பண்ணி, புது சேனலில் வெள்ளையாக நிரப்பி, காஸியன் பிளர் 6 கொடுத்து மங்கலாக்கி, லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தையும் வெள்ளை முக்கோணத்தையும் நடுவே கொண்டுவந்து நெருக்கினேன். ழுவின் வளைவு வழுக்கிக்கொண்டு வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து "அட" என்றார். அப்புறம்தான் ட-வைப் பார்த்தேன். மூலை மழுங்கிப் போய், தண்ணியில் ஊறின சோப்பு மாதிரி. பிளரைக் குறைத்தால் ழுவில் படி திரும்ப வருகிறது, கூட்டினால் ட கரைகிறது. வளைவையும் மூலையையும் தனித்தனியாகப் பண்ணி ஒட்டலாம். மொத்தம் எட்டு எழுத்துதான். ஒட்டினேன். ஒட்டின இடம் தெரிந்தது. அழித்தேன்.

"இருவதடி உசரத்துல கட்டப்போறான். எவன்டா ஏணி வச்சுப் பாக்கப்போறான்?" என்கிறார் அண்ணன்.

நான் பார்த்துவிட்டேனே.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. கல்லணையும் திறந்தாச்சு. மூணாறு தலைப்புக்குத் தண்ணி எப்ப வரும் என்று அப்பா என்னைக் கேட்கிறார், ஷட்டர் சாவி என் இடுப்பில் தொங்குகிற மாதிரி.

ஜூன் 17

போட்டோவைக் கீழே மங்கலாக வைத்துக்கொண்டு பென் டூலில் வரைய ஆரம்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது, சோம்பேறித்தனம். பாத்தாக, அதாவது புள்ளியில்லாத வெறும் கோடாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் படி விழாது. ழுவுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். ராத்திரி 12 ஆச்சு. அவளுக்குப் போன் பண்ண மறந்துவிட்டேன். பண்ணியிருந்தால் எழுப்பியிருப்பேன் என்று சமாதானம்.

ஜூன் 18

எழுத்து சுத்தம். எழுத்தைப் புடைப்பாகக் காட்டுகிற பெவல் போட்டதும் மறுபடி படி!

இந்தத் தடவை ஓரத்தில் இல்லை. தங்கத்துக்குள்ளே, வெளிச்சமும் நிழலும் முட்டுகிற முதுகில். சிசல் ஹார்டு, டெப்த் 400. பாதிக் குற்றம் திரையுடையது, 33.3 சதவீதத்தில் பார்த்தால் எந்த எபெக்டும் பிசிறாகத்தான் தெரியும். 100க்குப் போனேன். அங்கேயும் இருந்தது. கிளாஸ் கான்டூர் பக்கத்தில் 'ஆன்ட்டி அலையாஸ்டு' என்று கடுகு மாதிரி ஒரு கட்டம், டிக் இல்லாமல். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்கிறேன், ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. டிக் போட்டேன். சாப்டன் 3. முக்கால்வாசி அடங்கியது.

முக்கால்வாசி.

ஜூன் 19

குழந்தையின் ஸ்கேன் படத்தை போட்டோஷாப்பில் திறந்தேன். மூக்கு என்று அவள் சொன்ன இடம் வெறும் சாம்பல் புள்ளிகள். பெரிதாக்கினால் மூக்கே இல்லை. பிளர் 2 கொடுத்தேன். ஏதோ செய்யக் கூடாததைச் செய்த மாதிரி இருந்தது. சேவ் பண்ணாமல் மூடினேன்.

ஜூன் 21, சனி

டாக்டர் சொன்ன தேதி. ஒன்றும் இல்லை.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்தேன். ஆளில்லாத கடையில் நன்றாக வேலை ஓடுகிறது. பைலை இருமடங்கு அளவில் வைத்து எபெக்டைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே படமாக்கிப் பாதியாகச் சுருக்கினேன். மிச்சமிருந்த பிசிறும் சுருங்கும்போது கலந்து மறைந்தது. சிஸ்டம் இரண்டு தடவை நின்றுபோனது.

வெட்டி மிஞ்சின துணியில் ஓரடி மட்டும் அடித்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். மை வாடை. பிளக்ஸ் நெசவின் கட்டமே என் படியைவிடப் பெரியது. அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் ழுவின் அடிச்சுழியில் ஒரு சின்ன நெளிவு, கோட்டை வளைக்கிற இரண்டாவது ஆங்கர் புள்ளியில். அது மெஷினும் இல்லை, பிக்சலும் இல்லை, என் கை.

அப்பா மறுபடி கேட்டார். எங்கள் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கிறது.

ஜூன் 23

ஆங்கரை நகர்த்தினேன். பழையது தேவலை போலிருக்கிறது. திருப்பி வைத்தேன். அவள் குரல் இன்று தெளிவாக இருந்தது, இட்லி சாப்பிட்டாளாம், எத்தனை என்று கேட்டதற்குச் சிரித்தாள். ஆங்கரை மறுபடி நகர்த்தினேன்.

ஜூன் 24, செவ்வாய்

மெஷின் ஓடுகிறது. குடமு வரை வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் போன் கேட்கவில்லை, அத்தை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். திருப்பிக் கூப்பிட்டால் பிஸி. மாயவரம் பஸ் 2.20க்கு