பாலே டான்ஸரோட டிரங்குப் பெட்டி: இதுவரைக்கும் ஆன வேலை

லண்டன்ல எங்க பக்கத்து வீட்டம்மா ஒரு காலத்துல பாலே கம்பெனில ஆடினவங்க. மெயின் ரோல் எல்லாம் இல்ல, ஸ்வான் லேக்ங்கற பாலேல கூட்டமா வர்ற அன்னங்கள்ல ஒருத்தங்க. அவங்க பெட்டிய ஒழுங்கு பண்ணித் தரேன்னு நானா வாய விட்டேன். இப்போதைக்கு ஷூ முடிஞ்சது, ஃபோட்டோ பாதில நிக்குது, வீடியோ கேசட்ட இன்னும் தொடவே இல்ல.

பாயிண்ட் ஷூ, அதாவது பாலேல கால்விரல் நுனில நின்னு ஆட போடற ஷூ, அது முனைல உள்ள கட்டை வச்சிருப்பாங்கன்னுதான் நெனச்சிருந்தேன், பாத்தா துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்கா ஒட்டி காயவச்சது. பசை இருக்கறதால ராமபாணப் பூச்சிக்கு விருந்து, தண்ணி பட்டா ஊறிப்போய் ஷேப்பும் போயிடும், அதனால துவைக்கிற பேச்சே இல்ல, சாஃப்ட் பிரஷால தூசி தட்டுனதோட சரி. அழுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, அதானே அவங்க ஆடினதுக்கு சாட்சி. முனைல ரோஸ் நூலால அவங்களே நெருக்கமா தச்ச தையல், வழுக்காம இருக்க அடில கத்தியால கீறுன கோடு, உள்ள பென்சில்ல ‘எல்’, ‘ஆர்’. செய்யறப்போ இதுல இடது வலதே கெடையாதாம், போடறவங்க முடிவு பண்ணிக்கறதுதான். 1929ல ஆரம்பிச்ச ஃப்ரீட் கம்பெனி ஷூவா இருந்தா அடில செஞ்சவரோட முத்திரை இருக்கும், மீனு, நங்கூரம், மணி இப்படி ஒருத்தருக்கு ஒண்ணு. நம்ம காலுக்கு செட்டா ஷூ செய்யற ஆளு ரிட்டயர் ஆனா அழுகையே வந்துடும்னாங்க அந்தம்மா. ஆசிட் இல்லாத டிஷ்யூ பேப்பர கசக்கி உள்ள வச்சு, ரிப்பன மடிக்காம லூசா சுத்தி, ஆசிட் இல்லாத அட்டைப் பெட்டில போட்டாச்சு. கால சூடா வச்சுக்க போடற கம்பளி உறை, லெக்வார்மர், அதுல அந்துப்பூச்சி இருந்துச்சு, அத கவர்ல காத்து இல்லாம கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல போட்டேன். வெளிய எடுத்ததும் கவர உடனே பிரிக்கக்கூடாது, ரூம் சூட்டுக்கு வரணும், இல்லன்னா துணி மேலயே ஈரம் கோத்துக்கும்.

ஃபோட்டோ எல்லாம் அந்தக்கால ஒட்டுற ஆல்பத்துல. பல்லிடுக்கு சுத்தம் பண்ற நூல பின்னாடி விட்டு மெதுவா அறுத்தா வருது, வராதத அப்படியே ஸ்கேன் பண்ணிக்கறேன். எல்லாருக்கும் ஒரே மேக்கப், எனக்கு ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் வித்தியாசம் தெரியல, அந்தம்மா ஒவ்வொருத்தர் கை வளைவ பாத்தே பேர் சொல்றாங்க, ஃபோட்டோ பின்னாடி மெல்லிசா பென்சில்ல எழுதிக்கறேன், பேனா வேணாம், மை முன்பக்கம் வரைக்கும் ஊறும்.

இதே மாதிரி வேலை யாராவது பண்றதா இருந்தா ஒண்ணு சொல்றேன், நிகழ்ச்சி புரோகிராம் புக்குள்ள இருக்கற துண்டுச்சீட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. புக்கு முன்கூட்டியே அடிச்சது, அன்னிக்கு யாருக்காவது அடிபட்டு ஆள் மாறினா சீட்டுலதான் போடுவாங்க. ஸ்வான் லேக்ல நாலு சின்ன அன்னங்கள் கைய கோத்துக்கிட்டு ஆடுமே, 1895ல பீட்டர்ஸ்பர்க்ல லெவ் இவானவ் அமைச்சது, அதுல இவங்க ஒரு ராத்திரி மாத்து ஆளா ஆடிருக்காங்க. புக்குல வேற பேரு. ஆதாரம்னு இருக்கறது உள்ளங்கை அகல சீட்டு ஒண்ணுதான், அதுவும் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு ஓரம் பழுப்பாயிடுச்சு. பின்ன பின்பக்கமா நிமித்தி எடுத்துட்டு, சீட்ட தனி பாலியெஸ்டர் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அதே புக்கோடயே வச்சிருக்கேன், பிரிச்சு வேற ஃபைல்ல வச்சா எந்த ராத்திரின்னே தெரியாம போயிடும்.

கேசட்ல ஒண்ணு ரெண்டுல பூஞ்சை மாதிரி வெள்ளையா தெரியுது. அத பிளேயர்ல போட்டா மத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும், அதனால அத மட்டும் லேப்ல குடுக்கலாம்னு இருக்கேன், ரேட் விசாரிச்சிட்டு எழுதறேன்.