செப்டிக் டேங்க்: லாரியைக் கூப்பிடும் முன் மட்டத்தைப் பாருங்கள்

லாரி வந்து டேங்கைக் காலி செய்துவிட்டுப் போன சில நாட்களிலேயே கழிவறையில் தண்ணீர் மறுபடி ஏறி நின்றது. வயிறு எரிந்தது. "டேங்க் நிறைஞ்சிடுச்சு சார்" என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்!

செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வெளியேறும் குழாயின் மட்டம் வரை தண்ணீர் நிற்பது இயல்பு; உள்ளே வருகிற அளவு அந்தப் பக்கம் உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். அந்த மட்டத்துக்கு மேல் நின்றால் கோளாறு டேங்குக்கு அப்பால். மட்டம் சரியாக இருந்தும் வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றால், அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவே. அப்போது லாரியால் ஒரு பயனும் இல்லை. அடிக் கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதுதான் அதற்கு வேலை.

அடுத்து வந்தவர் கழிவறைக் கோப்பையைப் பெயர்த்தால்தான் தெரியும் என்றார். ஒரு கோப்பை மட்டும் அடைத்திருந்தால் சரி. குளியலறை, வாஷ்பேசின் எல்லாமே மெதுவாக இறங்கும்போது எதற்குப் பெயர்ப்பது? அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வந்த பிளம்பர் மூடியைத் திறந்து, தள்ளி நின்று டார்ச் அடித்தார். தண்ணீர் குழாய்க்கு மேலே நின்றது. மறுபடி லாரி. இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். உள்ளே மட்டம் இறங்க இறங்க, வெளியேறும் குழாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பிக் கொட்டியது. "பாத்தீங்களா சார், குழி குடிக்க மாட்டேங்குது." முதல் தடவையும் இப்படித்தானே கொட்டியிருக்கும்? அந்த ஆட்கள் வாயே திறக்கவில்லை.

வெளியேறும் வாயில், மிதக்கும் ஏட்டைத் தடுக்க இருக்க வேண்டிய T வடிவ 'டி' குழாயின் கீழ்ப்பாதி உடைந்து போயிருந்தது. ஏடு நேராகக் குழிக்குப் போய் மண்ணின் துளைகளைப் பூசி அடைத்துவிட்டது. புதுக் குழியும் புது 'டி'யும் சொன்ன நாளில் முடிந்தன.

கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் வாஷ்பேசின் களக் களக் என்பது, வெயிலிலும் குழி மேல் ஈரம், அங்கே மட்டும் புல் தழைப்பது, மழை பெய்தால் மோசமாவது: இதெல்லாம் குழியைச் சந்தேகிக்கச் சொல்லும் அறிகுறிகள். ஆசிட் ஊற்றாதீர்கள், கசடைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும். டேங்குக்குள் தலையை நீட்டாதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது.

கையோடு, டைல்ஸுக்கு அடியில் புதைந்திருந்த மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்திக்கொண்டேன். அடுத்த முறை தரையைக் கொத்த வேண்டாம்.