தங்கம் தியேட்டரின் எதிரொலி

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் 1980களில் உதவியாளாக வேலை பார்த்தேன். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தியேட்டர் அது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் சொல்லாமல் விடமாட்டார்கள்.

கார்பன் குச்சிகள் எரியும் வெளிச்சத்தில்தான் அப்போது படம் ஓடும். குச்சி எரிந்து குறையக் குறைய இரண்டு குச்சிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் தப்பினால் திரை மங்கிவிடும். 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடம் சொச்சம் வரும். ரீல் முடியப்போகிறது என்று காட்டும் புள்ளி திரையின் வலது மேல் மூலையில் தெரிந்ததும் அடுத்த புரொஜக்டருக்கு மாற வேண்டும். அந்த மாற்றம் கீழே யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் எங்கள் கௌரவம்.

ஆனால் அந்த அறையில் நான் கற்ற பெரிய பாடம் சத்தத்தைப் பற்றியது. கூட்டம் நிறைந்தால் மனித உடம்பும் துணிமணியும் சத்தத்தைக் குடித்துவிடும். வால்யூமை ஏற்ற வேண்டும். ஆள் குறைந்தால் அதே வசனம் சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பும், இறக்க வேண்டும். டிக்கெட் கவுண்டரில் கேட்காமலேயே எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கை சொல்லிவிடும். போகப் போக அந்தக் கை இறக்கிக்கொண்டே இருந்தது.

டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, அப்புறம் கேபிள். எல்லோரும் சொல்லும் காரணம் இது, உண்மையும்கூட. என் பார்வையில் தங்கத்துக்கு அதன் அளவே சுமையாகிவிட்டது. நான்கு காட்சி நிறைந்தால் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் பார்த்துவிடுவார்கள். 800 இருக்கை தியேட்டரில் மூன்று மாதம் ஓடக்கூடிய படம் இங்கே ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் தங்கத்தில் நூறு நாள் என்றால் ரசிகர்களுக்கு அவ்வளவு மதிப்பு. ஒரே படம் ஊருக்குள் பல தியேட்டர்களில் வெளியாகத் தொடங்கியதும் இருந்த கூட்டமும் பிரிந்துபோனது. இருநூறு பேருக்கு ஓட்டினாலும் எரியும் கார்பன் அதேதான், ஆட்கள் சம்பளமும் அதேதான். டிக்கெட் விலையோ அரசு வைத்த வரம்புக்குள்.

1990களில் மூடினார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்தது, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஜவுளிக்கடை.

சென்னை தேவி போல ஒரே வளாகத்தில் சின்னச் சின்ன அரங்குகளாகப் பிரித்திருந்தால் பிழைத்திருக்குமே என்று பழைய ஆபரேட்டர்கள் இன்னமும் வாதாடுவார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடம் அது. அந்த மண்ணின் விலைக்கு எத்தனை அரங்கு கட்டினாலும் டிக்கெட் வசூல் ஈடுகொடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.